காற்றைப் பங்கு போட்டவர்கள்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஆண்பிள்ளைகள் மேல் மரியாதை தங்குவது கஷ்டம். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளப் பெண்களுக்கு அரை நிமிடம் போதும். ஆண்கள் அப்படியில்லை. கண்ணைச் சுருக்குவார்கள், கழுத்தை நீட்டுவார்கள், விளக்கு மங்கல் என்பார்கள், பலகை கோணல் என்பார்கள். கடைசியில் வாய்க்கு வந்த எழுத்தைச் சொல்லிவிட்டு, சரிதானே என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் ஃபிரேமை மூக்கில் உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துவிட்டு, "இப்ப படிங்க" என்பாள். அதோடு வீறாப்பெல்லாம் இறங்கிப்போகும்.

தெருவில் அவளைக் கண்ணாடிக்கடை அக்கா என்பார்கள். அதிகம் பேசாதவள். ஆனால் அவள் ஒரு பார்வை பார்த்தால், பார்க்கப்பட்டவர் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார். அந்தப் பார்வையை அவள் வீட்டில்தான் அதிகம் செலவழிக்க வேண்டியிருந்தது.

அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இரண்டு சகோதரர்கள். பெரியவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. சின்னவர், அதாவது அவள் கணவர், குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். மலை மாதிரி அடுக்கிய உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குக் காற்று சரியாகப் போகிறதா, ஈரம் கூடிவிட்டதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடாவிட்டால் சுமைதூக்கிகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அந்த அறிவையெல்லாம் கிடங்கின் கதவோடு பூட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

வீடு நீளமானது. முன்பக்கம் தெரு, பின்பக்கம் சந்து. இரண்டு பக்கச் சுவர்களும் அடுத்த வீடுகளோடு ஒட்டியவை என்பதால் பக்கவாட்டில் ஒரு ஜன்னலுக்கும் வழியில்லை. தெருவாசலில் நுழைந்த காற்று சந்துவாசல் வழியாகப் போக வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. அது நன்றாகவே நடந்துகொண்டிருந்தது, மாமியார் உயிரோடு இருந்தவரை.

அவர் போன பிறகு, தெரு ஜன்னலோரம் கிடந்த சாய்வு நாற்காலியில் யார் உட்காருவது என்று சகோதரர்களுக்குள் பேச்சு வந்தது. நாற்காலிப் பேச்சு முன்னறைப் பேச்சாக வளர்ந்தது. முன்னறைப் பேச்சு, சின்ன வயதில் யார் யாரைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள் என்பது வரை போனது. நரைத்த தலைகள் இரண்டும் பேசிய பேச்சைக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முடிவில் வீட்டின் நட்டநடுவில், தரையிலிருந்து கூரை வரைக்கும், ஒரு சுவர் எழுந்தது. முன்பாதி பெரியவருக்கு. பின்பாதி சின்னவருக்கு. நாற்காலி யாருக்கும் இல்லை. இழுபறியில் அதன் கால் முறிந்துவிட்டது.

சுவர் வைத்த அன்று பெரியவரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, பூசாத செங்கலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு யாரிடமோ, "அப்பாடா, இனிமே அந்தப் பார்வையில இருந்து தப்பிச்சேன்" என்று சொல்லிச் சிரித்தது இவள் காதில் விழுந்தது. இவள் அதை மறக்கவில்லை. பேச்சு வார்த்தை அன்றோடு நின்றது. பிறகு அடுத்த பாதிக்குப் போவதென்றால் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் போகிறவர்தான் யாருமில்லை.

பாகம் பிரித்தவர்கள் காற்றை மறந்துவிட்டார்கள். முன்பாதியில் நுழைந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை, பின்பாதியில் நுழைவதற்கே வழியில்லை. சமையலறை புதுச் சுவரை ஒட்டி வீட்டின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது. தாளித்த நெடி மறுநாள் காலை வரை தலையணையில் இருந்தது. உள்ளே கொடியில் காய்ந்த துணிகளில் நனைந்த நாயின் வாடை அடித்தது. பீரோவுக்குப் பின்னால் சுவர் வியர்த்து, கறுப்புக் கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. கல்லூரிக்குப் போகும் மகள் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்ம ஆரம்பித்தாள். அப்புறம் அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. அடுத்த பாதியில் பெரியவரின் விசில், இந்தப் பாதியில் மகளின் விசில்.

"இந்த வீட்ல காத்தே இல்லைங்க" என்றாள் அவள்.

"நான் பார்த்துக்கறேன்" என்றார் சின்னவர்.

பார்த்துக்கொண்டார். முதலில் வாசனை ஸ்ப்ரே வாங்கி வந்தார். எலுமிச்சை வாசனை என்று டப்பாவில் போட்டிருந்தது. காலையும் மாலையும் வீடு முழுக்க அடித்தார். பூசண வாடையும் எலுமிச்சையும் சேர்ந்து, ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் யாரோ குடித்தனம் நடத்துகிற மாதிரி ஒரு வாடை வந்தது. மகள் இன்னும் அதிகமாகத் தும்மினாள். அடுத்து, செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று கிடங்கில் யாரோ சொன்னார்களாம். வெயிலே படாத அறைகளில் தொட்டிகளைக் கொண்டுவந்து நிறைத்தார். செடிகள் செத்தன, தொட்டித் தண்ணீரில் கொசுக்கள் பிறந்தன. கொசுவுக்காகச் சுருள் கொளுத்தினார். அந்தப் புகையை விரட்ட மறுபடி ஸ்ப்ரே அடித்தார். இப்படி ஒன்றை விரட்ட ஒன்று என்று வீடு ஒரு ரசாயனக் கூடமாகிவிட்டது. நடுவில் சின்னவர் கையில் டப்பாவோடு திருப்தியாக நடமாடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மகளின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல ஈரமா இருக்கா? புகை இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லை டாக்டர். வீட்டை ரொம்ப சுத்தமா வச்சிருக்கேன்" என்றார் சின்னவர்.

அவள் அவரைப் பார்த்தாள். சின்னவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

"ஈரம் இருக்கு. புகை இருக்கு. பூசணம் இருக்கு" என்றாள் அவள். "காத்து மட்டும்தான் இல்லை."

"அப்ப மாத்திரையால பாதிதான் ஆகும்மா. மீதி பாதி வீட்லதான் ஆகணும்" என்றார் டாக்டர்.

வழியெல்லாம் சின்னவர் உம்மென்று வந்தார். வெளி ஆள் முன்னால் மானம் போய்விட்டதாம். மகளுக்கு மூச்சு போவது அவருக்கு இரண்டாம்பட்சம்.

மானத்தை மீட்கத்தான் காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்று வந்தது. வெள்ளையாக, குப்பைக்கூடை உயரத்தில், நெற்றியில் ஒரு விளக்கோடு இருந்தது. காற்று நன்றாக இருந்தால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. அதைப் போட்டால் ஜன்னல்களையெல்லாம் சாத்த வேண்டும் என்று கூடவே வந்த தாளில் இருந்ததாம். சந்துப் பக்கம் இருந்த இரண்டு ஜன்னல்களையும் சின்னவர் அறைந்து சாத்தினார். அவள் அடுப்பைப் பற்றவைத்ததும் விளக்கு சிவந்தது. சின்னவர் ஓடி வந்தார்.

"என்ன பண்றே நீ? சிவப்பு வந்துடுச்சு பாரு!"

"வெங்காயம் வதக்கறேன்."

"வதக்காதே. வேக வச்சுக் குடு போதும்."

ஒரு மாதம் போல வீட்டில் எல்லாம் வெந்துதான் வந்தது. அவர் கிடங்கில் உருளைக்கிழங்குக்குக் கிடைத்த கவனிப்பு வீட்டில் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை என்றாலும், மனிதர்களின் சாப்பாட்டுக்கு வேக வைத்த உருளைக்கிழங்கின் ருசி கிடைத்தது. மெஷினோ சமையலறைப் பக்கம் எப்போதும் கோவைப்பழம்தான். கடைசியில் சின்னவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தார். படுக்கையறையில் சந்து ஜன்னலின் இடுக்கை ஒட்டி வைத்தபோது விளக்கு பச்சையானது. அங்கேயே வைத்துவிட்டார். வந்தவர்களிடமெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "பார்த்தீங்களா, பச்சை!"

பலகையின் கடைசி வரி தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லும் ஆசாமிகள் கடைக்குத்தான் வருவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருவரோடு குடும்பமே நடத்திக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

"அந்தச் சுவர்ல ஒரு ஜன்னல் வச்சா எல்லாம் சரியாப் போகும்" என்றாள்.

"அவன் வீட்டுக் காத்து எனக்கு வேண்டாம்" என்றார் சின்னவர்.

ஆனால் தன் வீட்டுப் புகை அவன் வீட்டுக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பெரியவர் குடும்பத்தோடு ஏதோ கல்யாணத்துக்கு வெளியூர் போன சமயம் பார்த்து, ஆள் வைத்து, அடுப்புக்கு மேலே பொதுச் சுவரில் சதுரமாக ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டினார். பெரியவரின் சமையலறையும் அதே சுவரை ஒட்டித்தான் இருந்தது. இங்கே கிளம்புகிற புகை நேராக அங்கே இருக்கும் பாத்திரங்களின் மேல் போய் இறங்கும்.

இதில் அவளையும் சொல்ல வேண்டும். அவர் செய்தது அக்கிரமம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஃபேன் சுற்ற ஆரம்பித்து, வருஷக்கணக்கில் கண்ணைக் கரித்த புகை கண்ணெதிரில் ஓட்டைக்குள் இழுபட்டுப் போனபோது அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. 'அப்பாடா, அந்தப் பார்வையில இருந்து தப்பிச்சேன்' என்று சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து அவர்கள் திரும்பி வந்த சத்தம் கேட்ட அன்று, தேவையே இல்லாமல் இரண்டு கை மிளகாயை வாணலியில் போட்டு வறுத்தாள். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. இவள் கரண்டியை நிதானமாகத் திருப்பினாள்.

பெரியவர் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பேசியது போல் ஆகிவிடுமே. இரண்டாம் நாள் அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. அதே ஓட்டையில், அவர் பக்கத்து முகப்பில், இதைவிடப் பெரிய ஃபேன் ஒன்று இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது. அவர் பட்டனைத் தட்டியதும் மிளகாய் நெடியோடு அவர்கள் வீட்டு மீன் வாடையும் சேர்ந்து இவள் முகத்தில் வந்து அடித்தது.

சின்னவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மறுநாளே தன் ஃபேனைக் கழற்றிவிட்டு, கிடங்குக்கு வாங்குகிற கடையில் சொல்லி, கனத்த இறக்கைகளோடு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். போட்டால் சமையலறை விளக்கே ஒரு தரம் கண் சிமிட்டும். ஒரே ஓட்டை, எதிரும் புதிருமாக இரண்டு ஃபேன். இரண்டு வீட்டுப் புகையும் ஓட்டையின் நடுவில் முட்டி மோதி, இரண்டு பக்கமும் பிதுங்கி, கடைசியில் எல்லோர் நெஞ்சிலும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. பாகப்பிரிவினையில் அந்த ஒன்றைத்தான் நியாயமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். மகள் உள்ளறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே அவள் மிளகாயும் மசாலாவும் வறுத்துக்கொண்டிருந்தாள், அங்கே ஓரகத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் தன் ஃபேனைப் போட்டார். சின்னவர் பேப்பரை எறிந்துவிட்டு எழுந்து வந்து தன்னுடையதைப் போட்டார். போட்டுவிட்டுப் போகவில்லை, சுவிட்சுக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார். எண்ணெய்ப் பிசுக்கும் மிளகாய்த் தூளும் கலந்த மேகம் ஒன்று சமையலறையை மூடியது. அவளுக்குக் கண் எரிந்து மூக்கு ஒழுகியது. அடுப்பை அணைத்தாள். அந்தப் பக்கம் ஓரகத்தி மூச்சு வாங்கி வாங்கி இருமுவது இறக்கைகளின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. உள்ளறையிலிருந்து மகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பேச முடியவில்லை. டாக்டர் கொடுத்த, வாயில் வைத்து இழுக்கும் மருந்துக் குழாய் எங்கே என்று கையால் மட்டும் கேட்டாள்.

அவள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். மகளைப் பின்வாசல் படியில் உட்கார வைத்து, மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவினாள். திரும்பி உள்ளே வந்தபோதும் சின்னவர் அதே இடத்தில், கண்ணில் தண்ணீர் வழிய, சுவிட்சின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அணைங்க."

"அவன் முதல்ல அணைக்கட்டும்."

"உங்க பொண்ணுக்கு மூச்சு வரலைங்க!"

"அதை அவன்கிட்ட சொல்லு."

அவள் பெரியவரிடம் சொல்லவில்லை. ஓட்டையின் பக்கம் போய், இறக்கைகளைப் பார்த்துக் கத்தினாள்.

"அக்கா! உங்க பக்கத்தை அணைங்கக்கா!"

இருமலுக்கு நடுவே பதில் வந்தது. "அணைக்க விட்டாத்தானே! சுவிட்சைப் புடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறாரு!"

"இங்கயும் அப்படித்தான்!"

"அழறாரா?"

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "ஆமா. மூக்கு வேற ஒழுகுது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. இவளுக்கும் தாங்கவில்லை. சுவர் வைத்த நாளிலிருந்து பேசாத இரண்டு பெண்கள், சுற்றுகிற இரண்டு ஃபேன்களுக்கு இரண்டு பக்கமும் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சின்னவருக்கு அது பொறுக்கவில்லை. சுவிட்சை விட்டுவிட்டுச் சந்துப் பக்கம் போய்விட்டார். அவள் அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் நின்றது. பெரியவரும் தெருவுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது.

அடுத்த நாள் அவள் கடைக்கு லீவு சொன்னாள். சின்னவர் கிடங்குக்குப் போனதும், ஸ்க்ரூடிரைவரோடு தெருவைச் சுற்றிக்கொண்டு முன்பாதிக்குப் போனாள். ஓரகத்தி வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, ரொம்பவும் இளைத்துப்போயிருந்தாள். இத்தனை நாளும் இந்த முகத்தின் மேலா புகையை விட்டோம் என்று இவளுக்குச் சுருக்கென்றது.

"அன்னிக்கு நாங்க ஊர்லேருந்து வந்தப்ப வேணும்னேதானே மிளகாய் வறுத்தே?"

"ஆமாக்கா."

"நினைச்சேன். நானும் சும்மா இல்லை, அழுகின மீனா பார்த்துப் பொரிச்சேன் ஒருநாள்."

அதோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது. இருவரும் ஸ்டூல் போட்டு ஏறினார்கள். மூக்குக் கண்ணாடியின் எறும்புத்தலைத் திருகுகளைக் கழற்றிப் பழகியவளுக்கு இந்தத் தடித் திருகுகள் பெரிய வேலையாக இல்லை. அந்தப் பக்கத்து ஃபேன் இறங்கியது, பிறகு இந்தப் பக்கத்துக் கனத்த ஃபேனும் இறங்கியது. இரண்டையும் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். முன்பாதியில் தெரு ஜன்னலைத் திறந்தார்கள், பின்பாதியில் சந்து ஜன்னல்களைத் திறந்தார்கள். பீரோவை நகர்த்திப் பூசணத்தைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். ஸ்ப்ரே டப்பாக்களும் சுருள் பெட்டிகளும் செத்த செடிகளும் குப்பைக்குப் போயின. மெஷினை அவள் தொடவில்லை. அது பாட்டுக்குப் பச்சை காட்டிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாலையில் சின்னவர் வந்தார். நிமிர்ந்து பார்த்தார். சதுர ஓட்டை வழியாக அண்ணன் வீட்டுத் தட்டு அலமாரி தெரிந்தது.

"ஃபேன் எங்கே?"

"போயிடுச்சு."

"யாரைக் கேட்டுக் கழட்டினே?"

"யாரைக் கேட்டு மாட்டினீங்க?"

அவர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டையை மூடப் போனார். அவள் குறுக்கே போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "மூடுங்க. நானும் பொண்ணும் அக்கா வீட்ல போய்ப் படுத்துக்கறோம். அங்க தெரு ஜன்னல் இருக்கு. நீங்க உங்க பச்சை விளக்கைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு தூங்குங்க."

அட்டை கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது. பிறகு அதை விசிறியாக்கி விசிறிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அந்தப் பாதியில் பெரியவரும் ஏதோ கத்திப் பார்த்திருக்கிறார். ஓரகத்தி அவர் விசிலை எடுத்து ஒளித்து வைத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

சில மாதங்களில் பெண்கள் இருவரும் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த ஓட்டையைக் கம்பி போட்ட அகல ஜன்னலாக்கிக்கொண்டார்கள். பொரியல் வறுவல் எல்லாம் ஏதாவது ஒரு அடுப்பில்தான், அதுவும் இரண்டு வாசலும் திறந்திருக்கும் நேரத்தில்தான். தட்டுகள் ஜன்னல் வழியாகக் கைமாறும். மகளுக்கு வியாதி பறந்துபோய்விட்டது என்று சொல்ல முடியாது. மழை நாட்களில் இன்னும் நெஞ்சு கட்டும். ஆனால் காலைத் தும்மல் நின்றது, மருந்துக் குழாயைப் பல நாட்கள் தேட வேண்டியிருக்கவில்லை. ஓரகத்தியின் முகத்தில் ரத்தம் ஊறியது.

சகோதரர்கள் மட்டும் திருந்தவில்லை. பேசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் சாப்பிட்டதும் இருவரும் அந்த ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, காற்று வாங்கினார்கள்.

ஒரு காலை, கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர்கள் வீட்டிலும் இதே மூச்சுத் தொல்லையாம். சின்னவர் எழுந்து நின்று ஜன்னலைக் காட்டினார்.

"காத்துக்கு ஒரு வழி இருந்தா போதாது சார், ரெண்டு வழி வேணும். யோசிச்சு யோசிச்சு நான்தான் இந்த இடத்துல வெட்ட வச்சேன்."

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வருஷக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத ஒன்று கேட்டது.

"என்னடா புளுகறே? யோசனை என்னுது!"

"உன்னுதா? நீ சாமானை அடைச்சு வச்சிருந்த இடம்டா இது!"

"யாரைடா 'டா'ங்கறே?"

வந்தவர்கள் இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். ஓரகத்தி அந்தப் பக்கம் அடுப்பிலிருந்து திரும்பி, கம்பி வழியாக இவளைப் பார்த்து, கேட்டாயா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள். இவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் கடைக்குக் கிளம்பறேன். ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க, பார்த்துக்குங்க. கைகலப்பு வந்தா மட்டும் ஃபோன் பண்ணுங்க."

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். யார் முதலில் யோசித்தது என்ற வாக்குவாதம் சந்து முனை வரை அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடையில் அன்றைக்கு முதல் ஆளாக ஒரு மீசைக்காரர் காத்திருந்தார். பலகையின் கடைசி வரியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியவர், விளக்கு மங்கலாக இருக்கிறது என்றார்.